கல்லூரி டிஃபென்சிவ் லைன்மேன்: 14 சாக் எடுத்தவரா, 4.51 ஓடியவரா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அதன் அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுப்பது டிராஃப்ட். 2022 டிராஃப்டில் முதல் இடம் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியிடம் இருந்தது. அவர்கள் முன்னால் இரண்டு எட்ஜ் ரஷர்கள், அதாவது வரிசையின் ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை (பந்தை வீசுபவரை) நோக்கிப் பாய்கிறவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எய்டன் ஹட்சின்சன்: முந்தைய பருவத்தில் 14 சாக் (பாஸ் வீசும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது), சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம், கை நீளம் 32⅛ அங்குலம். ஜார்ஜியாவின் டிராவன் வாக்கர்: அதே பருவத்தில் 6 சாக், மூன்று ஆண்டும் சேர்த்தே 9.5, ஆனால் 272 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.51 விநாடியில் ஓடியவர், கை 35½ அங்குலம். ஜாகுவார்ஸ் வாக்கரை எடுத்தது. அடுத்த இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் ஹட்சின்சனை எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் ஹட்சின்சனுக்கு 9.5 சாக், வாக்கருக்கு 3.5. பிறகு வாக்கர் 2023-இல் 10, 2024-இல் 10.5 என்று ஏறினார். ஹட்சின்சன் 2023-இல் 11.5 எடுத்தார்; 2024-இல் கால் முறியும் வரை ஐந்தே ஆட்டங்களில் 7.5 சேர்த்திருந்தார்.

இதைப் பார்த்துவிட்டு ‘சாக்கை நம்பு, உடல்வாகை நம்பாதே’ என்று சொல்பவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஜார்ஜியா வாக்கரைப் பல ஸ்நாப்களில் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்நாப்) எதிரணி டேக்கிளின், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரின், உள்தோளில் நிறுத்தியது. அங்கே நிற்பவருக்கு முதல் வேலை, டேக்கிளுக்கும் அவருக்கு உள்ளே நிற்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, பி கேப்பை, அடைப்பது. குவாட்டர்பேக்கைத் துரத்துவது அதற்கு அப்புறம்தான். சில ஸ்நாப்களில் பின்வாங்கி, பாஸ் வாங்க ஓடுபவர்களை மறிக்கும் கவரேஜ் வேலைக்கும் போனார். ஹட்சின்சனோ மிச்சிகனில் டேக்கிளுக்கு வெளியே நின்று, பந்து அசைந்த கணமே பாயும் வேலையைச் செய்தார். 14-க்கும் 6-க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு பங்கு ஆளுடையது, இன்னொரு பங்கு அவரை நிறுத்திய இடத்துடையது. அந்த இரண்டையும் பிரித்தெடுத்த பிறகும் ஹட்சின்சன்தான் முன்னே நின்றார் என்பது என் கணிப்பு. காரணம் 14 என்ற எண் அல்ல. தடுப்பவரின் கைகளை அவர் எப்படிக் கழற்றினார், முதல் மூவ் (தடுப்பவரைத் தாண்டும் உத்தி) அடைபட்டால் அடுத்து என்ன செய்தார் என்பது ஆட்டப் படத்தில் தெளிவாக இருந்தது. வாக்கரின் படத்தில் வலிமையும் வேகமும் இருந்தன. இரண்டாவது மூவ் அரிதாகத்தான் வந்தது.

எந்த வேலைக்கு ஆள் தேடுகிறோம்

இருவரை ஒப்பிடும் முன் இருவருக்கும் வேலை ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைனில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அதற்கு வெளியே டேக்கிள்கள். எதிரே நிற்கும் டிஃபென்ஸ் வீரரின் இடத்தை எண்ணால் குறிப்பார்கள். சென்டருக்கு நேரே 0, அவர் தோளோரம் 1, கார்டின் வெளித்தோள் 3, டேக்கிளின் வெளித்தோள் 5, டேக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும் டைட் எண்டுக்கும் வெளியே 9. எண் மாறினால் வேலை மாறும், வேலை மாறினால் தேவைப்படும் உடம்பும் மாறும்.

0, 1 இடங்களில் நிற்கும் டிஃபென்ஸ் வீரரான நோஸ் டேக்கிளை சென்டரும் கார்டும் சேர்ந்து தள்ளுவார்கள். 310 முதல் 345 பவுண்டு வரை எடையும் அசையாத இடுப்பும் வேண்டும். 3 டெக்னிக் வீரர், அதாவது 3 என்ற இடத்தில் நிற்பவர், ஒரே கேப்பில் பாய்கிறவர். 280 பவுண்டுகூடப் போதும், ஆனால் முதல் அடி மின்னலாக இருக்க வேண்டும். மூன்று லைன்மேனும் அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கரும் நிற்கும் 3-4 அமைப்பின் 5 டெக்னிக் வீரர் டேக்கிளைக் கை நீட்டிப் பிடித்து நிறுத்தி, இரு பக்கக் கேப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர். நீளமான கை இல்லாவிட்டால் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். எட்ஜ் ரஷர்கள் பெரும்பாலும் 245 முதல் 275 பவுண்டுக்குள் இருப்பார்கள்.

இதைக் கவனிக்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெர்னான் கோல்ஸ்டன் இருக்கிறார். 2007-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்காக 14 சாக் எடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பருவச் சாதனையைப் படைத்தவர். டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்திறன் சோதனையான கம்பைனில் 225 பவுண்டு கம்பியை 37 முறை தூக்கினார். எண்ணிக்கையும் இருந்தது, உடம்பும் இருந்தது. 2008-இல் நியூயார்க் ஜெட்ஸ் 6-ஆவது இடத்தில் எடுத்தது. கல்லூரியில் கையைத் தரையில் ஊன்றி டிஃபென்சிவ் எண்டாக ஆடியவரை 3-4 அமைப்பில் நின்றபடி ஆடும் வெளி லைன்பேக்கர் ஆக்கினார்கள். ஜெட்ஸில் இருந்த மூன்று பருவங்களில் அவர் ஒரு சாக்கூட எடுக்கவில்லை. இடமாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 14 சாக்கில் 4 ஒரே ஆட்டத்தில், விஸ்கான்சினுக்கு எதிராக வந்தவை. ஆனாலும் ஒருவரைப் புதிய வேலைக்கு எடுக்கும்போது, பழைய வேலையில் அவர் காட்டிய எண்ணிக்கையின் மதிப்பு பாதியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

சாக்கைப் பிரித்து எண்ணுவது

சாக் என்று பதிவேட்டில் ஏறுவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஒவ்வொன்றையும் படத்தில் பார்த்துத் தனித்தனியாக எழுத வேண்டும். எதிரே நின்ற ஆளை இரண்டரை விநாடிக்குள் தானே வென்று எடுத்தது முதல் தரம். கவரேஜ் பிரமாதமாக இருந்ததால் குவாட்டர்பேக் நான்கு, ஐந்து விநாடி பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் போய்த் தொட்டது வேறு. தடுக்க ஆளே வராமல் விட்டுவிட்டதால் கிடைத்தது வேறு. பக்கத்து வீரர் துரத்திவிட்ட குவாட்டர்பேக் தானாக மடியில் வந்து விழுந்தது வேறு. டிஃபென்சிவ் டேக்கிளும் எண்டும் பாதை மாற்றிக்கொண்டு பாயும் டி-இ ஸ்டன்ட்டில் உள்ளே நிற்பவர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போக, வெளியே நின்றவர் திறந்த வாசலில் நுழைந்து எடுத்தது இன்னொரு வகை. அதில் பாதிப் பெருமை இழுத்துக்கொண்டு போனவருக்குத்தான் சேர வேண்டும். பத்து சாக்கில் நான்கு முதல் தரம் என்றால் நல்ல வீரர். ஒன்றுதான் என்றால் மற்ற ஒன்பதும் என்.எஃப்.எல்.-க்கு உடன் வராது.

2019-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் 4-ஆவது இடத்தில் கிளெம்சனின் கிளெலின் ஃபெரலை எடுத்தது. 2018 பருவத்தில் அவருக்கு 11.5 சாக். அதே வரிசையில் கிறிஸ்டியன் வில்கின்ஸும் டெக்ஸ்டர் லாரன்ஸும் நின்றார்கள். மூவருமே அந்த டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்கள். அப்படியொரு கூட்டத்தில் ஃபெரலை இரண்டு பேர் வைத்துத் தடுக்க எந்த எதிரணிக்கு ஆள் மிஞ்சும்? அதே டிராஃப்டில் அதே ரைடர்ஸ் நான்காவது சுற்றில், 106-ஆவது ஆளாக, ஈஸ்டர்ன் மிச்சிகனின் மேக்ஸ் கிராஸ்பியை எடுத்தது. அவர் பக்கத்தில் முதல் சுற்று ஆட்கள் யாரும் நிற்கவில்லை. முதல் ஆண்டில் கிராஸ்பிக்கு 10 சாக், ஃபெரலுக்கு 4.5. சின்னக் கல்லூரி என்று கிராஸ்பியைக் கழித்தவர்கள், கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் மூன்று கூம்பு ஓட்டத்தில் அவர் எடுத்த 6.89 விநாடியையும் ஓயாமல் துரத்தும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் குறைந்தது இரண்டாம் சுற்று மதிப்பாவது போட்டிருப்பார்கள்.

சாக் இல்லாத ஆளை எடுப்பது எப்போது சரி? அது விலையைப் பொறுத்தது. டேனியல் ஹன்டர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வில் மூன்று பருவமும் சேர்த்து 4.5 சாக்தான் எடுத்தார். கடைசிப் பருவத்தில் 1.5. ஆனால் அந்தப் பருவத்தில் ஆட்டம் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னால் 13 முறை எதிராளியைப் பிடித்து வீழ்த்தியிருந்தார்; தடுப்பை உடைத்து உள்ளே போகத் தெரிந்தவர், பாஸ் ரஷ் கைவேலை மட்டும் இன்னும் வரவில்லை என்பதற்கு அது சாட்சி. 2015-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் மூன்றாம் சுற்றில், 88-ஆவது இடத்தில் எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவத்திலும் தலா 14.5 சாக். பத்து ஆண்டு கழித்து டெக்சஸ் ஏ அண்ட் எம்-மின் ஷெமார் ஸ்டூவர்ட்டும் மூன்று பருவத்தில் அதே 4.5 சாக்கோடு வந்தார்; 267 பவுண்டு, 4.59 ஓட்டம், 40 அங்குலச் செங்குத்துத் தாவல். அவரை 2025-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் எடுத்தது 17-ஆவது இடத்தில். இரண்டும் ஒரே மாதிரிப் பந்தயம், கட்டிய பணம்தான் வேறு. மூன்றாம் சுற்றில் எடுத்த ஹன்டருக்கு இரண்டு ஆண்டு பொறுத்திருக்க அணியால் முடியும். முதல் சுற்று ஆளிடம் முதல் அக்டோபரிலேயே பலன் எதிர்பார்ப்பார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு அந்த அவசரமே பகை.

படம் பார்க்கும் முறை

குறைந்தது ஐந்து ஆட்டங்கள் வேண்டும். எந்த ஐந்து என்பதில்தான் பாதி வேலை. டிராஃப்டில் போகக்கூடிய டேக்கிள் அல்லது கார்டை எதிர்த்து ஆடியவை இரண்டு, ஓட்ட ஆட்டத்தை நம்பும் அணியோடு ஒன்று, உடம்பு தேய்ந்துபோன நவம்பரில் ஒன்று, முந்தைய பருவத்திலிருந்து ஒன்று. சிறப்புத் தொகுப்பு வீடியோக்கள் இந்தக் கணக்கில் சேராது. தோற்ற ஸ்நாப் எதுவும் அதில் இருக்காது. டிவி ஒளிபரப்பும் போதாது, கேமரா பந்தோடு போய்விடும். கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த பயிற்சியாளர் படம் கிடைத்தால் கை எங்கே படுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் தெரியும்.

ஒவ்வொரு ஸ்நாப்பையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் முறை பந்தையும் வீரரின் முன்காலையும் மட்டும்: வரிசையில் முதலில் அசைவது இவரா, கடைசியில் அசைவது இவரா? இரண்டாம் முறை கைகள். மூன்றாம் முறை ஸ்நாப்பின் கடைசி விநாடி: பந்து போன பக்கம் திரும்பி ஓடுகிறாரா, நின்றுவிடுகிறாரா? ஒரு தாளில் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் எத்தனையாவது), தூரம், நின்ற இடம், தடுத்தவர் எத்தனை பேர், முதல் மூவ், இரண்டாவது மூவ், முடிவு, எடுத்த நேரம் என்று கட்டம் போட்டுக்கொண்டால் மூன்றாவது ஆட்டத்திலேயே பழக்கங்கள் பிடிபட்டுவிடும். ஸ்கிரீன் பாஸ் (பாய்கிறவர்களை உள்ளே வரவிட்டு வீசும் குட்டை பாஸ்), இரண்டு விநாடிக்குள் பந்து கையை விட்டுப்போன பாஸ், ஓட்டமா பாஸா என்று குவாட்டர்பேக் பந்தைப் பிடித்த பிறகு முடிவெடுக்கும் ஆர்.பி.ஓ. ஆட்டம் ஆகியவற்றை பாஸ் ரஷ் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். கல்லூரி விதிப்படி பாஸ் ஆட்டத்தில் ஆஃபென்சிவ் லைன்மேன் 3 யார்டு முன்னே போகலாம், என்.எஃப்.எல்.-இல் 1 யார்டுதான். அதனால் கல்லூரியில் ஆர்.பி.ஓ. கொட்டிக் கிடக்கிறது, ஓட்டத்துக்குக் காத்து நின்ற வீரரை ‘ரஷ் செய்யவில்லை’ என்று குறை சொல்வது நியாயமில்லை.

ஒரே ஒரு ஸ்நாப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது டவுன், 8 யார்டு தேவை. 3 டெக்னிக் வீரர் கார்டின் வெளித்தோளில், ஒரு கை தரையில். பந்து அசைகிறது. நல்ல வீரரின் முதல் அடி குட்டையாக, நேர் முன்னே விழும்; தலை மேலே எழும்பாது. இரண்டாவது அடி தரையில் படும்போது கார்டின் இரு கைகளும் மார்பை நோக்கி வருகின்றன. அந்தக் கணத்தில் வெளிக்கையால் கார்டின் மணிக்கட்டைக் கீழே தட்டிவிட்டு, உள்கையை அவருடைய அக்குளுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குகிறார். மூன்றாவது அடி கார்டின் குதிகாலுக்கு இணையாக விழ வேண்டும். விழுந்துவிட்டால் கால்விரல்கள் குவாட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கையை வென்றுவிட்டு இடுப்பைத் திருப்பாமல் நேரே ஓடி, குவாட்டர்பேக்குக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். கார்டு அந்தத் தட்டலுக்கு ஏமாறாமல் கையைப் பின்னே இழுத்துக்கொண்டால் என்ன செய்கிறார்? கால் நிற்காமல் மார்பில் மோதி பின்னே தள்ளினால், அல்லது உள்பக்கம் சுழன்றால், அவரிடம் திட்டம் இருக்கிறது. கால் நின்று, இருவரும் தோளோடு தோள் சாய்ந்துகொண்டு நின்றால், அந்த ஸ்நாப் முடிந்தது. ஐந்து ஆட்டத்தில் இந்தக் காட்சி எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணுங்கள். என்னைக் கேட்டால் சாக் எண்ணிக்கையைவிட இந்த எண்ணுக்குத்தான் முதல் மதிப்பு.

ஓட்ட ஆட்டத்தைத் தனித் தாளில் எழுதுவது நல்லது. இருவர் சேர்ந்து தள்ளும் டபுள் டீமை முதலில் பாருங்கள். தள்ளு வரும்போது இடுப்பைத் தாழ்த்தி அசையாமல் நிற்பது நல்லது. முடியாதபோது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அந்த இடத்தையே ஆள் குவியலாக்கிவிடுபவரும் வேலையை முடித்தவர்தான். இரண்டு யார்டு பின்னே உருண்டால் அவருக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரின் வேலையும் கெடும். தனி ஆள் தடுப்பில் கையை நீட்டி ஆளைத் தூரத்தில் வைத்து, பந்தைப் பார்த்து, பிறகு உதறிவிட்டுப் போகிறாரா என்பது அடுத்த கேள்வி. எட்டிப் பார்க்க ஆசைப்பட்டுத் தன் கேப்பை விட்டு வெளியேறுபவர்கள் கல்லூரியில் பிழைத்துக்கொள்வார்கள், என்.எஃப்.எல். ஓட்டக்காரர்கள் அந்த ஒரு இடைவெளிக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஓடக்கூடிய குவாட்டர்பேக்குக்கு எதிராக ‘முன்னேறு, ஆனால் தாண்டிப் போகாதே’ என்று பயிற்சியாளரே கட்டளையிட்டிருப்பார். அந்த ஆட்டத்தில் ரஷ் மந்தமாகத் தெரிந்தால் வீரரைப் பழிக்கக் கூடாது. மைதானமும் ஒரு காரணம்: பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக வைக்கப்படும்போது அகலமான பக்கமும் குறுகிய பக்கமும் உண்டாகிவிடும். ஒருவர் எந்தப் பக்கம் அதிகம் நின்றார் என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பைன் எண்களில் எது பேசும்

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் டிஃபென்சிவ் லைன்மேனுக்கு 40 யார்டு மொத்த நேரத்தைவிட முதல் 10 யார்டு நேரம் பயனுள்ளது. ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓட அவருக்கு வாய்ப்பே வராது. எட்ஜ் வீரருக்கு 1.6 விநாடி அக்கம்பக்கம் நல்ல 10 யார்டு நேரம். மூன்று கூம்பு ஓட்டம் வளைந்து திரும்பும் திறனைக் காட்டும். எட்ஜ் வீரர் 7 விநாடிக்குள் முடித்தால் கவனிக்க வேண்டியவர். ஹட்சின்சன் 6.73 ஓடினார், டி.ஜே. வாட் 2017-இல் 6.79. வாட் அந்த டிராஃப்டில் 30-ஆவது இடம் வரை கீழே வந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குக் கிடைத்தார். குட்டைக் கைக்கு ஈடுகட்டுவது இந்த மாதிரிக் கால்கள்தான். எட்ஜ் வீரரின் கை 33 அங்குலத்துக்குக் குறைந்தாலே பலர் பெயரை அடித்துவிடுகிறார்கள். அடிக்க வேண்டாம், கால் வேகத்துக்கும் கைவேலைக்கும் கூடுதல் சான்று கேளுங்கள், போதும்.

225 பவுண்டு தூக்கும் எண்ணுக்கு மிகக் குறைந்த மதிப்பு கொடுக்கலாம். நீளமான கைக்காரர் கம்பியை அதிக தூரம் தள்ள வேண்டியிருப்பதால் எண் குறையும். ஆட்டத்தில் அதே கைதான் அவருக்கு லாபம். எடையை ஒரே இடத்தில் பார்த்து நம்பக் கூடாது. சீனியர் பவுல் (கடைசி ஆண்டு வீரர்களின் காட்சி ஆட்டம்), கம்பைன், புரோ டே (கல்லூரியிலேயே நடக்கும் சோதனை) மூன்றிலும் எடுத்த எடையை வரிசையாக எழுதினால், ஓட்டத்துக்காக இளைத்தவர்களும் கட்டுப்பாடு தளர்ந்தவர்களும் தெரிந்துவிடுவார்கள். புரோ டேயில் கையால் நிறுத்தும் கடிகாரம் பெரும்பாலும் சற்றுக் குறைவான நேரம் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நல்ல சோதனை எண் ஆட்டத்தை உறுதிப்படுத்தலாம், ஆட்டத்துக்கு மாற்றாகாது. 1995-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கம்பைனில் அசத்திய மைக் மமூலாவுக்காக டாம்பா பேயோடு இடம் மாற்றிக்கொண்டு 7-ஆவது இடத்துக்கு ஏறியது. டாம்பா பே 12-ஆவது இடத்தில் வாரன் சாப்பை எடுத்தது. மமூலாவின் மொத்த சாக் 31.5; சாப் 96.5 எடுத்து 2013-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். எதிர்ப்பக்கம் டெரல் சக்ஸ்: 2002-இல் அரிசோனா ஸ்டேட்டுக்காக 24 சாக், கல்லூரிச் சாதனை. 40 யார்டு மெதுவாக ஓடினார் என்று 10-ஆவது இடத்துக்குச் சரிந்து பால்டிமோர் ரேவன்ஸுக்குக் கிடைத்தார். 139 சாக்கோடு ஓய்வு பெற்றார்.

உள்ளே: சின்ன ஆளா, மலை மாதிரி ஆளா

டிஃபென்சிவ் டேக்கிளில் தேர்வு வேறு மாதிரி வரும். ஏரன் டானல்ட் 2014 கம்பைனில் 6 அடி ¾ அங்குல உயரம், 285 பவுண்டு. ‘இந்த உடம்பு உள்ளே தாங்காது’ என்ற பேச்சு இருந்தது. 40 யார்டு 4.68, கம்பி 35 முறை, சீனியர் பவுல் பயிற்சியில் தனி ஆள் மோதலில் கார்டுகளைத் திணறடித்தார். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 13-ஆவது இடத்தில் எடுத்தது. 2017, 2018, 2020 மூன்று முறை ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் ஆனார். அதற்குப் பிறகு வேகமான குட்டை டேக்கிள் யார் வந்தாலும் அடுத்த டானல்ட் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2023-இல் வந்த கலிஜா கேன்சி 281 பவுண்டு, 4.67 ஓட்டம், டானல்டின் எண்களே. கை மட்டும் 30⅝ அங்குலம், டானல்டைவிட இரண்டு அங்குலம் குறைவு. டாம்பா பே 19-ஆவது இடத்தில் எடுத்து, கேப்பில் பாயும் வேலை கொடுத்தது. 2024-இல் 7.5 சாக் வந்தது. சரியான ஆள், சரியான இடம், சரியான விலை. இவரையே இரண்டு கேப் பார்க்கும் அமைப்பில் நிறுத்தியிருந்தால் டபுள் டீமில் கரைந்திருப்பார்.

மறுமுனையில் ஜார்டன் டேவிஸ்: 2022-இல் 341 பவுண்டோடு 4.78 ஓடி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தார். ஈகிள்ஸ் 13-ஆவது இடத்துக்கு ஏறிப்போய் எடுத்தது. ஓட்டத்தை அடைக்கிறார், ஆனால் முதல் மூன்று பருவத்துக்கும் சேர்த்து 3.5 சாக். ஜார்ஜியாவில் பாஸ் டவுன்களில் அவர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதே முன்கூட்டிய எச்சரிக்கை. 2019-இல் 17-ஆவது இடத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் எடுத்த டெக்ஸ்டர் லாரன்ஸும் 342 பவுண்டுதான். சென்டருக்கு நேரே நின்றே பாஸ் ரஷ் செய்யக் கற்றவர்; 2024-இல் 12 ஆட்டத்தில் 9 சாக். ஆக, பெரிய உடம்புக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி எடை தொடர்பானதே அல்ல. மூன்றாவது டவுனில் மைதானத்தில் நிற்கிறாரா? 50 ஸ்நாப்புக்குப் பிறகும் முதல் அடி அதே வேகத்தில் விழுகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அவர் இரண்டாம் சுற்று ஆள், எவ்வளவு வேகமாக ஓடினாலும்.

எட்ஜா, டேக்கிளா என்று சமமாக நிற்கும்போது பணமும் பேசும். 2025-இல் எட்ஜ் வீரர் மைல்ஸ் காரட்டின் ஆண்டுச் சராசரி 40 மில்லியன் டாலர். உள்ளே ஆடும் கிறிஸ் ஜோன்ஸின் 2024 ஒப்பந்தம் ஆண்டுக்கு 31.75 மில்லியன். முதல் சுற்று வீரரின் நான்காண்டுச் சம்பளமோ இடத்தைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டது, ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையும் அணிக்கு உண்டு. அதனால் நல்ல எட்ஜ் வீரர் மிச்சப்படுத்தும் பணம் அதிகம். ஆனால் டேக்கிள் ஒரு படி மேலே இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு அவரை எடுங்கள். நடுவிலிருந்து வரும் நெருக்கடியிலிருந்து தப்பி முன்னே அடி வைக்கக் குவாட்டர்பேக்குக்கு இடமே கிடையாது.

காயமும் வயதும்

முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவு முன்போல் பயமுறுத்துவதில்லை. ஜெஃப்ரி சிமன்ஸ் 2019 பிப்ரவரியில் கிழித்துக்கொண்டார். டெனசி டைட்டன்ஸ் 19-ஆவது இடத்தில் எடுத்தது, அக்டோபரிலேயே ஆடினார், பிறகு சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். கழுத்து, இதயம் என்றால் வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட் வாயை மூடிக்கொண்டு அணி மருத்துவரின் பேச்சைக் கேட்க வேண்டும். லாயாட்டு லாட்டு கழுத்துக் காயத்தால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்தை விட்டே விலகியவர். பிறகு அனுமதி கிடைத்து யு.சி.எல்.ஏ.வில் ஆடி, 2024-இல் 15-ஆவது இடத்தில் முதல் டிஃபென்ஸ் வீரராகப் போனார். 32 அணிகளின் மருத்துவர்களும் ஒரே முடிவுக்கு வர மாட்டார்கள். உங்கள் மருத்துவர் வேண்டாம் என்றால் பக்கத்து அணி எடுத்து ஜெயித்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வயதை ஆண்டோடு விடாமல் மாதம் வரை எழுதுங்கள். கோவிட் கால கூடுதல் ஆண்டுக்குப் பிறகு 23, 24 வயதில் வருபவர்கள் பெருகிவிட்டார்கள். 23 வயதுக்காரர் 19 வயது டேக்கிளைத் தள்ளி எடுத்த சாக்கும், 20 வயதில் எடுத்த சாக்கும் ஒன்றாகாது. முதன்முதலில் எந்த வயதில் தலையெடுத்தார் என்பதைப் பாருங்கள்.

எந்த இடத்தில் யாரை

முதல் பத்து இடத்துக்குள் இருந்தால் ஹட்சின்சன் வகை: முதல் தர சாக்குகள், இரண்டாவது மூவ், போதுமான கால். உடம்பு மட்டும் கொண்டு வருபவருக்கு அங்கே இடமில்லை. 15-லிருந்து 32 வரை அமைப்புக்குப் பொருந்துவதே பெரிது. கேன்சி போன்றவர் ஒரு அணிக்கு 19-ஆவது இடத்தில் லாபம், இன்னொரு அணிக்கு மூன்றாம் சுற்றிலும் நஷ்டம். இரண்டாம், மூன்றாம் சுற்றில்தான் ஹன்டர் வகைப் பந்தயம் கட்ட வேண்டும், அதுவும் ஓட்ட ஆட்டத்தில் இன்றே 20 ஸ்நாப் ஆடக்கூடியவர் மேல். கைவேலை கற்றுக்கொள்ளும் இரண்டு ஆண்டும் அவர் வீணே உட்கார்ந்திருக்கக் கூடாது. நான்காவது சுற்றுக்குக் கீழே சின்னக் கல்லூரிகளின் அதிக ஸ்நாப் ஆடிய ஆட்களை முதலில் பாருங்கள். பெரிய கல்லூரியின் மாற்று வீரரைவிட அவர்களிடம் படிக்க நிறையப் படம் இருக்கும்.

கடைசியில் இரண்டு பேர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் டிஃபென்சிவ் லைன் பயிற்சியாளரை அழைத்து, செப்டம்பரின் முதல் ஆட்டத்தில் இவருக்கு எந்த 25 ஸ்நாப் கொடுப்பீர்கள், எந்த எண்ணில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு அவர் சட்டென்று டவுன், தூரம், இடம் மூன்றையும் எழுதிக் கொடுப்பார். மற்றவருக்கு ‘முகாமில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அந்த வீரரின் பெயரை மேலே வையுங்கள்.